சிலுப்பாத கெடா

ஐம்பத்தெட்டாவது வயதில் விவசாயியாவது என்று சேனாபதி முடிவெடுத்தார். முடிவெடுத்தவர் அவர். குனிந்தவர் அவர் மனைவி கண்மணி.

டெக்சாஸின் கேட்டி நகரத்தில், கூப்பிட்டால் நாலு தமிழ்க் குடும்பம் எட்டிப் பார்க்கிற தெருவிலிருந்த வீட்டை விற்றார். அங்கிருந்து மேற்கே, ஃப்ரீவேயை விட்டு இறங்கி, ரோடு தனக்கே வெறுத்துப்போய் மண்ணாகிற இடத்தில் ஐந்து ஏக்கர் வாங்கினார். சுற்றிலும் புல். புல்லைத் தாண்டினால் டேல் என்கிற வெள்ளைக்காரக் கிழவரின் மாடுகள். மாடுகளைத் தாண்டினால் மறுபடியும் புல். கண்மணி ஒரு வார்த்தை தமிழில் பேச வேண்டுமென்றால் அரை மணி நேரம் டிரைவ் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டோடு பேச வேண்டும்.

ஆடு இருந்தது. சேனாபதி ஒரு சினை வெள்ளாட்டை வாங்கிப் பட்டியில் விட்டிருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் எண்ணெய்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் தட்டுகிறவர். சனி ஞாயிறு விவசாயி. வாரக் கடைசி வரைக்கும் ஆடு பசி தாங்குமா? கண்மணி தழை ஒடித்தாள். தண்ணீர் காட்டினாள். குட்டி குறுக்கே நின்றபோது கையை விட்டுத் திருப்பி இழுத்துப் போட்டவளும் அவள்தான். சேனாபதி அப்போது மீட்டிங்கில் இருந்தார். வெளியே வந்ததும் ‘கேட்டி கொங்குச் சொந்தங்கள்’ வாட்ஸ்அப் குழுவில் ‘நம்ம பண்ணையில் முதல் கெடா’ என்று போட்டார். வந்த வாழ்த்தையெல்லாம், தானே பெற்ற மாதிரி, படுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அந்தக் கெடாவைக் கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்டார். மகள் அனன்யாவுக்கு சான் ஹோசேயில் வேலை கிடைத்தால் கெடா வெட்டுகிறேன் என்று வேண்டுதல். வேலை கிடைத்துவிட்டது. சாமி தன் பங்கை முடித்துவிட்டது.

“பேர் கீர் வெச்சிராதே புள்ள. பேர் வெச்சா கத்தி எறங்காது. அதான் விவசாயி சட்டம்.”

“வெக்கலீங்க.”

வைக்கவில்லைதான். ஆனால் பட்டிப் பக்கம் நின்று “ஏனுங்க, வாங்க” என்று அவள் குரல் கொடுத்தால் கெடா துள்ளிக்கொண்டு வரும். வேலி ஓரம் நிற்கும் சேனாபதியும் வருவார். இரண்டு பேரும் பாதி வழியில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

“ஆட்டைப் போயி ஏனுங்கங்கறே?”

“பேர் சொல்லக் கூடாதவங்களை வேற எப்புடிக் கூப்புடறது? எங்கம்மா எனக்கு இது ஒண்ணுதானுங்களே சொல்லிக்குடுத்தாங்க.”

தழை தின்னப் போனது கெடா. அவர் காப்பி குடிக்கப் போனார்.

கண்மணிக்கும் ஓர் ஆசை இருந்தது. மகளோடு ஓர் ஆறு மாதம் போய் இருக்க வேண்டும். கேட்டபோதெல்லாம் பதில் தயாராக இருந்தது.

“நீ போயிட்டா ஆட்டை யாரு பாக்கறது?”

“நீங்கதானுங்களே விவசாயி?”

“எனக்குத் திங்கக்கெழமை மீட்டிங் இருக்குது புள்ள.”

இந்த இடத்தில் அனன்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீகன். கறி, மீன் இருக்கட்டும், பாலும் நெய்யும் தேனும்கூட ஆகாது. தாய்ப்பால் குடித்ததற்கே பின்னாளில் வருத்தப்பட்டிருப்பாள் என்பது சேனாபதியின் சந்தேகம். மார்ச் மாதம் ஒருநாள், வேண்டுதல் சங்கதி தெரிந்து போனில் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சேனாபதி சண்டைக்கு உட்கார்ந்தார்.

“அப்பா, யூ ஆர் கில்லிங் அன் அனிமல் ஃபார் மை ஜாப்?”

“கண்ணு, விவசாயி வளத்தறதாலதான் ஆடுன்னு ஒண்ணு உலகத்துல இருக்குது. நீங்கள்லாம் தின்னாம விட்டீங்கன்னா அதை எவன் வளத்துவான்? சோறு போடறவனைக் கொலைகாரன்னு சொல்றது பாதாம் பால் குடிக்கிறவங்களுக்குச் சுலபம்.”

“டிட் த கோட் கன்சென்ட்?”

இந்தக் கேள்விக்காகவே அறுபது தலைமுறையாகக் காத்துக் கிடந்தவர் மாதிரி சேனாபதி நிமிர்ந்தார்.

“கேக்கறோம் கண்ணு. ஆட்டுகிட்டச் சம்மதம் கேட்டு வெட்டுறவன் இந்த டெக்சாஸ்லயே உங்கப்பன் ஒருத்தன்தான். மஞ்சத்தண்ணி ஊத்துவோம். ஒடம்பைச் சிலுப்பி ஒதறுச்சுன்னா சம்மதம். சிலுப்பலைன்னா ஒரு முடியைத் தொட மாட்டோம்.”

“ப்ராமிஸ்?”

“கருப்பராயன் மேல சத்தியம். ஜூலை நாலு லீவுக்கு நீயே வந்து நின்னு பாரு.”

தண்ணீர் ஊற்றிச் சிலுப்பாத வெள்ளாட்டைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்பதை மட்டும் மகளுக்குச் சொல்லவில்லை. சமையல் மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கண்மணியின் கத்தி ஒரு விநாடி நின்றது. அப்புறம் நறுக்கியது.

சித்திரை பிறந்ததும் பண்ணையில் ஓர் அதிசயம் நடந்தது. கெடா நாறவில்லை. வளர்ந்த கெடாவின் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காற்று திரும்பினால் பக்கத்து ஊரில் நிச்சயதார்த்தம் நின்றுபோகும். இதுவோ பக்கத்தில் போனால் மல்லிகை வாசம் அடித்தது. சேனாபதி குழுவில் எழுதினார்: ‘இயற்கைத் தீவனத்தின் மகிமை. ரகசியம் வேண்டுவோர் நேரில் வரவும்.’

வேலியோரம் டேலிடமும் பெருமை பேசினார். சம்மதம் கேட்கிற முறையை விளக்கியபோது டேல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்:

“என் தாத்தா காலத்திலிருந்து மாடு வளர்க்கிறோம். பனியில் எழுந்து கன்றுக்குச் சாக்குப் போர்த்திவிட்டிருக்கிறேன். அதையே லாரியிலும் ஏற்றியிருக்கிறேன். வீகன் பிள்ளைகள் என்னைக் கொலைகாரன் என்கிறார்கள். சரி, வைதுவிட்டுப் போகட்டும். ஆனால் சேனா, ஒரு மாட்டிடமும் நான் எதையும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது. கேட்டால் என்றைக்காவது ஒருநாள் பதில் வந்துவிடும்.”

‘பாவம், பண்பாடு இல்லாத விவசாயி’ என்று சேனாபதி இரக்கப்பட்டார்.

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நாலு வந்தது. சுற்று வட்டாரமே மாட்டுக்கறி வாட்டும் புகையில் மிதந்தது. ஓக் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, சந்தனம் பூசி, கருப்பராயனாக்கி வைத்திருந்தார் சேனாபதி. கேட்டியிலிருந்து நாலைந்து கார்கள் வந்தன. பசியோடு வந்தன. ஆபீஸ் சிநேகிதர் கஸ்தூரிரங்கன் மட்டும் கையோடு தயிர்சாதம் கொண்டுவந்தார்.

“நாங்க பரம்பரையா சைவம்மா. ஒரு ஜீவனுக்கும் தீங்கு கிடையாது” என்றார் அனன்யாவிடம்.

“அங்கிள், வேர் டு த மேல் காவ்ஸ் கோ? காளைக் கன்னுக்குட்டி பால் குடுக்காதே.”

“அதெல்லாம் அவா பாத்துப்பா.”

டேல் நாற்காலியில் இருந்தபடி கை தூக்கினார். “ஏலத்துக்கு வரும். நானே வாங்கியிருக்கிறேன். நல்ல கறி.”

கஸ்தூரிரங்கன் தயிர்சாதத்தைப் பார்த்தார். மூடி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காதபோது, திறந்தார்.

கெடாவுக்கு மாலை போட்டாகிவிட்டது. புது வேட்டி, புது அரிவாளோடு சேனாபதி நின்றார். அரிவாள் நடுங்கியது, வெயில் என்றார். குடத்து மஞ்சள் தண்ணீரில் வேப்பிலையை முக்கி, “கருப்பராயா, உத்தரவு குடு” என்று கழுத்திலிருந்து வால் வரை ஊற்றினார்.

கெடா கண்ணை மூடிக்கொண்டது. மூடியபடி நின்றது.

மறுபடி ஊற்றினார். கெடா மெதுவாகத் திரும்பி மறுபக்கத்தைக் காட்டியது.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். சேனாபதி குடத்தையே கவிழ்த்தார். கெடா முன்னங்காலைத் தூக்கிக் கொடுத்தது, அக்குளிலும் கொஞ்சம் ஊற்று என்கிற மாதிரி.

“ஐஸ் தண்ணி கொண்டாங்கப்பா!”

கோக் டின்கள் மிதந்த கூலரைத் தூக்கி வந்தார்கள். அதையும் மொண்டு ஊற்றினார். கெடா நாக்கை நீட்டி வழிந்ததைக் குடித்தது. கடைசி அஸ்திரமாகக் காதில் ஊற்றினார்.

“அப்பா, தட்ஸ் கோயர்ஷன். கட்டாயப்படுத்தறீங்க.”

கெடா அந்த ஒரு காதை மட்டும் ஆட்டியது.

“ஒரு காது செல்லுமோ?” என்றார் கஸ்தூரிரங்கன்.

“செல்லுமுங்க” என்று கண்மணி முன்னால் வந்தாள். “ஒரு காதுக்குச் சம்மதம் குடுத்திருக்குது. காதை மட்டும் அறுத்துக்கச் சொல்லுங்க.”

சேனாபதி திரும்பினார். அவள் முந்தானையில் அடித்த வாசம் அப்போதுதான் மூக்கில் ஏறியது. மல்லிகை ஷாம்பூ.

“ஏம்புள்ள, என்ன பண்ணி வெச்சே?”

“நீங்க ஆபீஸ் போனதும் தெனமும் குளிப்பாட்டுனேனுங்க. மொத வாரம் நல்லாத்தான் சிலுப்புச்சு. அப்புறம் பழகிருச்சு. எதையும் தெனம் ஊத்துனா பழகிருமுங்க. எனக்குத் தெரியாதா?”

“இது சாமி காரியம். ஏமாத்து வேலை பண்ணியிருக்கியே.”

“எனக்குப் பத்து வயசுல நான் வளத்துன கெடாவுக்கு எங்கப்பன் தண்ணி ஊத்துனாரு. குளுந்துச்சு, ஒதறுச்சு. ‘அதுவே ஒத்துக்கிச்சு பாரு, எதுக்கு அழுகறே’ன்னாரு. ஈரம் பட்டா ஒதறாம எந்த ஆடு நிக்கும்? நீங்க என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப என் நெத்தியில ஒரு ஈ ஒக்காந்துச்சுங்க. தலையை ஆட்டுனேன். சம்மதம்னு தட்டு மாத்திட்டாங்க.”

மரத்தடியில் ஈ பறந்தால் கேட்டிருக்கும்; பறக்க எந்த ஈக்கும் தைரியமில்லை.

சேனாபதி ஒரு துரும்பைப் பிடித்துக்கொண்டார். “நீ மட்டும் யோக்கியமா? போன வாரம் கேட்டியில மட்டன் சுக்கா திங்கலையா?”

“தின்னேன். ருசியா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து இது மூஞ்சியைப் பாக்கக் கூச்சமாவும் இருந்துச்சு. தின்னுட்டுக் கூச்சப்படறேனுங்க. அதுகிட்டக் கேட்டுட்டுத்தான் தின்னேன்னு ஊருக்குச் சொல்லிக்கறதில்லை.”

அனன்யாவுக்கு இதில் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை.

“சரி, வந்தவங்களுக்குச் சோறு?” என்றார் சேனாபதி. கேட்கும்போதே அரிவாளைக் கல்லுக்குப் பின்னால் வைத்தார். கை நடுக்கம் நின்றிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தார். கண்மணி கவனித்தாள்.

“பலாக்காய் பிரியாணி காலையிலேயே தம் போட்டாச்சுங்க.”

டேல் இரண்டு தட்டு சாப்பிட்டார். எந்த மிருகம் என்று விசாரித்தார். சொன்னதும், அதை எப்படி வளர்ப்பது என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் கண்மணி கூலரை இழுத்துக்கொண்டு சேனாபதியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

“ஏனுங்க, நாளைக்கு நான் அனன்யாகூட சான் ஹோசே போறேன். ஆறு மாசம். சம்மதமுங்களா?”

“ஆட்டை யாரு…”

மிச்சமிருந்த ஐஸ் தண்ணீர் அவர் உச்சந்தலையில் இறங்கியது. சேனாபதி எழுந்து, தலை தோள் தொந்தி என்று வரிசையாக, ஒரு சுற்றுச் சிலுப்பினார். வால் ஒன்றுதான் குறை. தெறித்த தண்ணீர் கருப்பராயன் வரைக்கும் போனது.

“சிலுப்பிட்டாரு” என்றார்கள் கேட்டிக்காரர்கள்.

“முழு உடம்பு” என்று கஸ்தூரிரங்கன் சாட்சி சொன்னார்.

டேல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “நான் அப்போதே சொன்னேன், கேட்கிற பழக்கம் நல்லதில்லை என்று.”

மறுநாள் கண்மணி போய்விட்டாள். இப்போது விடியும் முன்னால் எழுந்து தழை ஒடிப்பது சேனாபதி. பிறகு மீட்டிங். மீட்டிங் முடிந்ததும் கெடாவுக்குக் குளியல். ஒருநாள் தவறினாலும் முட்டுகிறது. குழுவில் அவர் எதுவும் எழுதுவதில்லை. ராத்திரிச் சோற்றுக்குத் தட்டோடு பட்டிக்குப் போய்விடுகிறார். வீட்டுக்குள் அவர் மெல்லுகிற சத்தம் அவருக்கே கேட்கிறதாம்.

பத்து நாள் கழித்து சான் ஹோசேயிலிருந்து வீடியோ கால் வந்தது. திரையில் கண்மணி. முகத்தில் புதுத் தெளிச்சி.

“ஏனுங்க” என்றாள்.

சேனாபதி வேட்டி நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சொல்லு புள்ள, இங்கதான் இருக்கறேன்” என்றார்.

“உங்களை இல்லீங்க. போனைக் கொஞ்சம் பட்டிப் பக்கம் திருப்புங்க.”