பூண்டு காயவைத்த டோலி

பூண்டி மலை,
11-12-1961

பழனி அடிவாரத்தில் திருநீறும் பஞ்சாமிர்தமும் வியாபாரம் செய்துவரும் மதிப்பிற்குரிய மாமா குருநாதன் அவர்களுக்கு, மருமகன் குமாரவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் கடையும், கடைக்கு வரும் மொட்டைத் தலைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மகள் சிவபாக்கியம் நலம். நான் இடுப்புக்கு மேலே நலம். அதற்குக் கீழே உள்ளதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

"வாத்தியார் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் பழனிக்கு வாருங்கள். உட்கார்ந்து திருநீற்றுப் பொட்டலம் கட்டுவதற்குக் கால் எதற்கு? முருகன் பார்த்துக்கொள்வான்" என்று எழுதியிருந்தீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்றால் இதற்கு நாலு பக்கத்தில் கோபமாகப் பதில் எழுதியிருப்பேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன். ராஜினாமாக் கடிதத்தை இதே கவரில் வைத்திருக்கிறேன். தாங்கள் அதைப் பழனியிலிருந்து எங்கள் கல்வி ஆபீசுக்குத் தபாலில் அனுப்பிவிடவும். இங்கிருந்து நேரே அனுப்ப வழியில்லை. இந்த ஊர்த் தபால் முழுவதும் பிச்சை முகம்மது அண்ணன் கடையில் சேர்ந்துதான் பஸ்ஸுக்குப் போகிறது. ஆபீஸ் முகவரியைப் பார்த்தால் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிடும். மாமனாருக்குப் போகும் கடிதத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வருகிற வியாழக்கிழமை பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். நடக்க முடியாத வாத்தியார் ஒருவர் பூண்டியில் இருக்கிறார் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிப் போட்டிருக்கிறார். இன்ஸ்பெக்டர் வந்து 'தகுதியற்றவர்' என்று எழுதும்முன் நானே எழுதிக் கொடுப்பதுதான் மரியாதை. இது ஓராசிரியர் பள்ளி. இந்தக் குளிருக்கு இன்னொருத்தர் வந்து சேரும்வரை நாற்பத்தொரு பிள்ளைகளும் பூண்டு வயலுக்குப் போய்விடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

வியாதியின் பெயர் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று மதுரையில் டாக்டர் சொன்னதைத் தாங்களும் கேட்டீர்கள். நரம்புக்கு மேலே உறை இருக்கிறதாம், கரண்டு வயருக்கு ரப்பர் இருப்பதுபோல. அது அங்கங்கே உரிந்துவிட்டதாம். மருந்து கிடையாதாம். வருமாம், தானே போகுமாம், மறுபடி வருமாம். இந்த 'தானே போகுமாம்' என்பதில்தான் வம்பு. முதல் தடவை கண் மங்கி, கால் மரத்து, இரண்டு மாதத்தில் சரியானதும், தங்கள் திருநீறுதான் காரணம் என்றீர்கள். தர்காவில் ஓதி வாங்கிவந்த கயிறுதான் காரணம் என்றார் பிச்சை முகம்மது அண்ணன். நான் பகுத்தறிவுக்காரன், ஊசிதான் காரணம் என்று இருவரிடமும் சண்டை போட்டேன். ஆறு மாதத்தில் கால் மறுபடி போனது. மூன்று கட்சிக்காரர்களும் கப்சிப். சிவபாக்கியம் மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குக் கால்நடையாகவே மலையேறி வருவோம் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். என்னைக் கேட்காமல் எதற்கு வேண்டினாய் என்றால், "நீங்க நம்ப வேண்டாங்க. நான் நம்புறேன்ல, வீட்டுக்கு ஒரு ஆளு போதும்" என்கிறாள்.

கால் தள்ளாடியபோது நடந்த கூத்தையும் கேளுங்கள். கம்பை ஊன்றி பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். மதுவிலக்குப் போலீஸ்காரர் ஒருவர் என்னை மறித்து, "ஏலே, ஊதுடா" என்றார். ஊதினேன். பூண்டு வாசனை அடித்தது. "வாசம் தெரியாம இருக்கப் பூண்டத் தின்னுட்டு வந்திருக்கியா? நேரா நட பாப்போம்" என்றார். நேராக நடக்க முடிந்தால் நான் ஏன் ஐயா கம்பை ஊன்றுகிறேன் என்றேன். என் நாக்கும் அன்றைக்குக் கொஞ்சம் குழறியது. அரை நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். இந்த நாட்டில் ஏழை தடுமாறினால் குடிகாரன், பணக்காரன் தடுமாறினால் களைப்பு.

பிறகு பிச்சை முகம்மது அண்ணன் தன் பொதிக்குதிரையைக் கொடுத்தார். பள்ளிக்கூடம் ஊருக்கு மேலே பாறை மேட்டில் இருக்கிறது. கீழே ரோட்டோரம் சமதளத்தில் எஸ்டேட் முதலாளியின் குதிரைலாயம். குதிரைகள் இருந்த நாளில் அவற்றுக்குக் குளிரும் என்று அதற்கு ஓடு போட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு உச்சியில் தகரக் கூரை. அது போகட்டும். அந்தப் பொதிக்குதிரைக்குத் தெரிந்தது ஒரே வழி, பூண்டு மண்டிக்குப் போகும் வழி. பிள்ளைகள் வரிசையாக நின்று "வணக்கம் சார்" என்று கத்தக் கத்த, அது பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய் மண்டியில்தான் நின்றது. அங்கே மூட்டையோடு மூட்டையாக என்னையும் இறக்கி வைத்தார்கள்.

இனி டோலி. மூன்று வருஷத்துக்கு முன் 'மனிதனை மனிதன் சுமப்பதா?' என்று நான் மனு எழுதியது தங்களுக்கு நினைவிருக்கும். ஜீப் ரோடு முடிகிற இடத்திலிருந்து பங்களாவரைக்கும் முதலாளியை நாலு பேர் டோலியில் தூக்கிக்கொண்டு போவார்கள். மூங்கில் தண்டில் கட்டிய நாற்காலி, அதில் எண்பது கிலோ முதலாளி, கீழே நாலு காய்ப்புப் பிடித்த தோள்கள். எனக்கு வயிறு எரிந்தது. கலெக்டருக்கு எழுதினேன், பத்திரிகைக்கு எழுதினேன். முதலாளி வெட்கப்பட்டாரோ பயந்தாரோ, பங்களாவரை ரோடு போட்டு ஜீப்பை ஏற்றினார், குதிரைகளையும் விற்றார். டோலியை ஏலம் விட்டார். பிச்சை முகம்மது அண்ணன் அதை வாங்கிப் பூண்டு காயவைத்தார். எனக்கு ஒரே பெருமை. அந்த நாலு பேரின் சோலி போனது பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஆடி மாதம் ஒருநாள் வெள்ளனே, டோலிக்காரர்களின் தலைவர் பொன்னுச்சாமி மற்ற மூன்று பேரோடு வந்து என் வாசலில் அந்த டோலியை வைத்தார். பூண்டுச் சருகு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏறுங்க வாத்தியாரே."

"செத்தாலும் ஏற மாட்டேன். நான் மனு எழுதியவன்."

"அது தெரியும். எங்க தோளுல காய்ப்பு இருக்குன்னு எழுதுனீங்களாமே. என் தோள எப்பப் பாத்தீங்க?"

"பொன்னுச்சாமி, இது கொள்கை."

"ஆகட்டும். நீங்க எங்களக் கேக்காமலே பாரத்த எறக்கிவிட்டீங்க. நாங்க உங்களக் கேக்காமலே ஏத்துறோம். சரிக்குச் சரி. டேய், பிடிங்கடா!"

தூக்கிவிட்டார்கள், மாமா. வாரத்தில் ஆறு நாளும் தூக்குகிறார்கள். பூண்டு மூட்டை சுமக்கும் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நடை, வந்த பிறகு ஒரு நடை. முதல் வாரம் டோலியில் இருந்தபடியே சமத்துவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கையை ஆட்டியதில் தண்டு சாய்ந்து கேரட் பாத்தியில் விழுந்தேன். அன்றிலிருந்து பொன்னுச்சாமி சட்டம் போட்டுவிட்டார்: ஏற்றத்தில் பிரசங்கம் கூடாது. "முதலாளி கனமா இருந்தாலும் வாயத் தொறக்க மாட்டாரு. நீங்க இம்புட்டுக்காண்டு இருந்துக்கிட்டு என்னா ஆட்டம்!" என்கிறார். என் கூச்சத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் அவரே சொன்னார்: "முதலாளி எறங்கினா எங்க மூஞ்சியப் பாக்காமப் போவாரு. நீங்க எறங்கினா எம் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறீங்க. ரெண்டும் ஒண்ணா?" ஆனாலும் தினம் காலையில் அந்த மூங்கில் நெறிகிற சத்தம் கேட்கும்போது கூசிப்போகிறேன். இதற்கு முடிவு கட்டத்தான் ராஜினாமா. வெயில் எனக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதும், சித்திரையில் தங்கள் கடை வாசலில் கண் இருட்டி விழுந்ததும் நினைவிருக்கிறது. பரவாயில்லை. பழனியில் யாரும் என்னைத் தூக்க வேண்டியதில்லை.

அத்தைக்கும் தங்களுக்கும் எங்கள் இருவரின் நமஸ்காரம். பழனி மலைமேல் இருப்பவருக்கு சிவபாக்கியம் தனியாகச் சொல்லியிருக்கிறாளாம், நான் அதில் குறுக்கிடவில்லை.

தங்கள் அன்பு மருமகன்,
சு. குமாரவேல்

பின்குறிப்பு (15-12-1961, வெள்ளிக்கிழமை): கவரில் ராஜினாமாவைத் தேட வேண்டாம். இந்தக் கடிதம் நாலு நாளாக ஊரைத் தாண்டவே இல்லை. பிச்சை முகம்மது அண்ணன் கவரைக் கையில் தூக்கிப் பார்த்து, "மாமனாருக்கு எழுதுறதுல இம்புட்டுக் கனம் இருக்காதே" என்று நினைத்து அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டார். நேற்றுச் சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்து, "இப்ப அனுப்பவா தம்பி?" என்று கேட்டார்.

கவரைப் பிரித்து ராஜினாமாவை எடுத்துவிட்டேன். ஏனென்றால் நேற்றுப் பகலில் இன்ஸ்பெக்டர் வந்தார். கனத்த ஆள், மூட்டுவலிக்காரர். மேட்டில் நாற்பது எட்டு வைத்து ஏறினார், பாறையில் உட்கார்ந்தார், மூச்சு வாங்கினார். டோலியில் இருந்த என்னைப் பார்த்தார். "இதுல ரெண்டு பேர் உக்காரலாமா?" என்றார். பொன்னுச்சாமி, "ரெண்டு பேருன்னா எட்டு ஆளு வேணும் சார்" என்றார். அதற்குள் சிவபாக்கியம் மேலே போய் நாற்பத்தொரு பிள்ளைகளையும் கரும்பலகையையும் வெரசா இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ரோட்டோரத்துக் குதிரைலாயம் காலியாகக் கிடக்கிறதே, அங்கேதான் பரீட்சை நடந்தது. பொன்னுச்சாமி மகள் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன்: "ஆசிரியர் தகுதியானவர். பள்ளி இருக்கும் இடமே தகுதியற்றது. லாயத்துக்கு மாற்றலாம்." முதலாளி சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் மறுபடி மனு எழுதுவேன். இந்தத் தடவை எல்லோரையும் கேட்டுவிட்டு எழுதுவேன்.

கால் சரியாகவில்லை. ஆகுமா என்றும் தெரியாது. லாயம் எங்கள் வீட்டிலிருந்து இருபது எட்டு தூரம்தான், சுவரைப் பிடித்தே போய்விடலாம். இதைச் சொன்னதும் பொன்னுச்சாமிக்கு முகம் செத்துப்போயிற்று. "ரெண்டாவது தடவையா எங்க சோலியப் பறிச்சிட்டீங்களே வாத்தியாரே!" என்றார். அவரைச் சமாதானப்படுத்த முடியவில்லை. கடைசியில் அவர்களே வேறு வேலை பார்த்துக்கொண்டார்கள். தைப்பூசத்துக்குக் காவடிக்குப் பதில் என்னைத் தூக்கிக்கொண்டு பழனிக்கு வருகிறார்களாம். ஆகவே தை மாதம் ஆறு பேருக்குச் சோறு வேண்டும். அதில் நாலு பேர் நன்றாகச் சாப்பிடுவார்கள். இரண்டு நாள்தான், பிறகு மலைக்குத் திரும்பிவிடுவோம்.

கால்நடையாக வருவதாகத்தானே வேண்டினாய் என்று சிவபாக்கியத்தை மடக்கினேன். "எட்டுக் காலு நடக்குதுல்ல? யாரு காலுன்னு நான் முருகன்கிட்டச் சொல்லலயே" என்றாள். தாங்கள் கோவிலுக்குப் பக்கத்திலேயே இருப்பவர். நாங்கள் வந்து சேருவதற்கு முன் இதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும்.