அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நுரைக்காத சோப்பு

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் பென்சன் அவர்களுக்கு,

ஒசூரிலிருந்து ஐசக் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை முதல் உங்கள் அக்கா ஜெபசீலி என்னோடு பேசுவதில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் ஒருமுறை மத்தூரிலிருந்து வந்து எனக்காகப் பேச வேண்டும்.

உங்கள் பண்ணையிலிருந்து வந்த பன்றிக் கொழுப்பை உருக்கி, வடிகட்டி, காஸ்டிக் சோடா அளவைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து (வேதியியல் ஆசிரியராக ஓய்வு பெற்றவன் என்றாலும் என் கணக்கின் மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது) சோப்பு செய்தேன். வாரக்கணக்கில் காயவைத்தபின் வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, அழகாகவே வந்தது. நுரைதான் இல்லை. தேங்காய் எண்ணெய் சேர்த்தால் பொங்கும். வெறும் பன்றிக் கொழுப்பில் மோர் போலச் சன்னமாகத்தான் வரும், எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீரில் அதுவும் யோசித்துத்தான் வரும். இது எனக்குத் தெரியும். அக்கா ஒரு கூடை நிறைய எடுத்துப்போய் பண்டிகை ஏலத்துக்குக் காணிக்கையாக வைத்ததுதான் தெரியாது. சுத்தமான தேங்காய் எண்ணெய்ச் சோப்பு என்று பெண்கள் சங்கத்தில் சொல்லியிருந்ததும் தெரியாது.

ஏலம் விட்டவர் வாலிபர் சங்கச் செயலாளர் வெஸ்லின். பூசணிக்காய், சேவல் எல்லாம் போனபின் நம் சோப்பை எடுத்து, சபை பார்க்க ஒரு வாளித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். "ஐயா, இது சோப்புங்களா, சுண்ணாம்புக் கட்டிங்களா?" என்று மைக்கிலேயே கேட்டார். சபை சிரித்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். எழுந்துபோய் மைக்கை வாங்கி, குறை சோப்பில் இல்லை, பன்றிக் கொழுப்பின் இயல்பே அது என்று விளக்கிவிட்டேன். ஏலம் கேட்கக் கையைத் தூக்கியிருந்த பெண்கள் சங்கத்து ரூபி மெல்ல இறக்கிக்கொண்டு, "பன்னியா? ஏங்க்கா, திங்கறது வேற, மூஞ்சில தேய்க்கறது வேற இல்லீங்களா?" என்று அக்காவைக் கேட்டாள். காணிக்கை ஏலம் போகாமல் கிடக்கக் கூடாது என்பதால் எங்கள் சோப்பை நாங்களே ஏலம் எடுத்து, சபை நடுவே சுமந்து வந்தோம். ஆலய வாசலில் அக்கா, "பாடம் நடத்த உங்களுக்கு வேற எடமே கெடைக்கலயா?" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

ஆகவே சோப்பு வேலையை விட்டுவிட்டேன் என்று நீங்களே அவளிடம் சொல்லவும். கொழுப்பு இனி அனுப்ப வேண்டாம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். கர்த்தர் உங்களையும் பண்ணையையும் காப்பாராக.

இப்படிக்கு,
ஐசக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அக்கா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். வீணாக்க மனமில்லாமல் இத்தனை நாளும் அந்தச் சோப்பில்தான் கை கழுவியிருக்கிறாள். இந்தக் குளிரில் வருடாவருடம் வெடிக்கும் கை இம்முறை வெடிக்கவில்லை. "ஏங்க, இன்னொரு தடவ போடுவீங்களா? என் கையப் பாத்துட்டு ரூபியும் கேக்கறா. நுரைக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஊத்திக்கங்க. யாருக்கும் வெளக்கம் மட்டும் சொல்லாதீங்க" என்றாள். ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துவிடவும். நீங்கள் வர வேண்டாம். கொழுப்பு டின்னை மட்டும் பஸ்ஸில் ஏற்றிவிடவும்.