சுவரில் நசுங்கிய வட்டம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌகரியம். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் சிநேகிதர் நடத்தும் மழலையர் பள்ளியில் என்னைச் சேர்த்துவிட்டபோது, "சின்னப் பிள்ளைங்கதானே, வட்டம் சதுரம்னு சொல்லிக் குடுத்துட்டு வந்துடு" என்றீர்கள். அந்த வட்டத்தால்தான் இன்றைக்கு என் வேலை போயிற்று.

லீவில் வகுப்புச் சுவரில் வடிவங்களை வரையச் சொல்லியிருக்கிறார் உங்கள் சிநேகிதர். பெயின்டர் சதுரத்தையும் முக்கோணத்தையும் தாராளமாகப் போட்டுவிட்டு வட்டத்துக்கு வந்தால், குறுக்கே சுவிட்சு போர்டு. மனிதர் அசரவில்லை. வட்டத்தை இரண்டு பக்கமும் அமுக்கி முட்டையாக்கி, அடியில் கொட்டை எழுத்தில் 'வட்டம்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அழித்து வரையலாமே என்று கேட்டேன். போட்டோ எடுத்து விளம்பரத்தில் போட்டாயிற்றாம், சுவரை மாற்ற முடியாதாம், நான்தான் பாடத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமாம். நான் என்ன செய்வேன்? வீட்டிலிருந்து தட்டும் டப்பா மூடியும் கொண்டுபோய், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து உருட்டிக் காட்டினேன். சுவரில் இருப்பதைப் போலவே ஓர் அட்டையை வெட்டி அதையும் உருட்டினேன். அது நொண்டி நொண்டிப் போய்க் குப்புற விழுந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

இன்றைக்குப் பெற்றோர் கூட்டத்தில் வந்தது வினை. உங்கள் சிநேகிதர் புதுச் சட்டையும் கையில் குச்சியுமாக வந்து, அப்பா அம்மாக்கள் முன்னால் அந்த முட்டையைத் தட்டி, இது என்ன வடிவம் என்று கேட்டார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தன. நான் தரையைப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு வாண்டு உண்டு, வாயாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவள் எழுந்து, "சார், வட்டம்னு சொல்லணுமா, நிஜத்தைச் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். கூட்டம் கலைந்ததும் என்னை அறைக்குக் கூப்பிட்டு, நான்தான் பிள்ளைகளுக்கு எதிர்த்துப் பேசக் கற்றுத்தருகிறேனாம். உங்கள் முகத்துக்காகத்தான் இத்தனை நாள் வைத்திருந்தாராம். உங்க முகத்துக்காகவாம் அண்ணா! அப்போ நான் தொண்டை வறளக் கத்தினது யார் முகத்துக்காக? வகுப்புச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாயாடி வாசல் கேட்டருகே நின்று கையாட்டினாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. தயவுசெய்து போன் போட்டுச் சமாதானம் பேசாதீர்கள். தெரிந்தே பொய் சொல்லிக்கொடுக்க என்னால் ஆகாது.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பி.கு.: இதை நாலு நாளாகத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று உங்கள் சிநேகிதரே வீடு தேடி வந்துவிட்டார். என் இடத்துக்கு வந்தவரால் பிள்ளைகளின் அழுகையை நிறுத்த முடியவில்லையாம். என்னைத் தலைமை ஆசிரியை ஆக்குகிறாராம். சரி என்றுவிட்டேன். மேலே எழுதியதை அண்ணியிடம் படித்துக் காட்ட வேண்டாம். சுவர் அப்படியேதான் இருக்கும். வாயாடியை மட்டும் கடைசி வரிசைக்கு மாற்றச் சொன்னார், மாற்றிவிடுவேன். ஜன்னல் ஓரம்தான். பிள்ளைக்குக் காற்றாவது வரும்.