மனதில் ஓடுவதைச் சொன்ன முக்கால் மணித்தியாலம்

எனக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். நாற்பத்து மூன்று வயது வரைக்கும் வாயை மூடிக்கொண்டே அதை மறைத்து வந்தேன். ஒரே மத்தியானத்தில் அந்த இரகசியத்தை அயர்லாந்து வரைக்கும் கேட்கும்படி உடைத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மென்பொருள் கொம்பனியில் வேலை செய்கிறேன். கூட இருக்கிற பிள்ளைகள் முதலில் என்னை "அண்ணை" என்றார்கள். பிறகு ஒருத்தி "அங்கிள்" என்றாள். அன்று பின்னேரமே ஒரு பெரிய வெளிநாட்டுக் கொம்பனிக்கு விண்ணப்பித்தேன். (பெயரைச் சொன்னால் உங்கள் போனே திரும்பிப் பார்க்கும், அவ்வளவு பெரிசு.) மூன்று கிழமையில் பதில் வந்தது. காணொளியில் முக்கால் மணித்தியால நேர்முகத்தேர்வு. கிடைத்தால் மானிப்பாயில் வீட்டிலிருந்தே வேலை. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

ஒரு விதி மட்டும் இருந்தது. தேர்வில் தருகிற கணக்கைச் செய்யும்போது மனதில் ஓடுவதை எல்லாம் சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். விடையைவிட, எப்படி யோசிக்கிறோம் என்பதுதான் அவர்களுக்கு முக்கியமாம். (எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் செய்யும்போது வாய் அசைந்தால் குட்டுத்தான்.)

மனைவி சுமதி இன்னொரு விதி போட்டாள்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ. அம்மாக்கும்தான். அவவுக்குத் தெரிஞ்சா கனடாவுக்குத் தெரியும். பிறகு கண்ணூறு பட்டு எல்லாம் நாசம்."

மாமி, அதாவது சுமதியின் அம்மா, எங்களோடுதான் இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் நான் சத்தமாக யோசித்துப் பழகத் தொடங்கினேன். குசினியில் நின்று, "இப்ப நான் வெங்காயத்தை எடுக்கிறன். ஏன் இதை எடுத்தனான்? இதைவிடச் சுகமான வழி இருக்கோ?" என்று எனக்கு நானே கேட்டேன். மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்று, "முதல்லை சொத்தையைக் கழிக்கிறன். மிச்சத்தைப் பருமனாலை அடுக்கிறன்" என்றேன்.

வியாபாரி பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணை, வாங்கிறதெண்டா வாங்குங்கோ. அதுகளோடை கதைச்சா விலை குறையாது."

நான் சைக்கிளில் வீடு வந்து சேர முன்னமே செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

"பிள்ளை, உவருக்கு என்னவோ நடந்திட்டுது," என்று மாமி சுமதியிடம் குசுகுசுத்தார். அடுத்த நாள் ஆஞ்சநேயர் கோயிலில் இருந்து நூல் வந்து என் மணிக்கட்டில் ஏறியது. இரகசியத்தைக் காப்பாற்ற, பைத்தியம் என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. சுமதி வேலைக்குப் போய்விட்டாள். மாமி படுத்திருந்தார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஓர் ஐரிஷ் பிள்ளை, சிரித்த முகம். கணக்கு இதுதான்: ஒரு பஸ் எல்லாத் தரிப்பிடத்துக்கும் போய் மிகக் குறைந்த நேரத்தில் திரும்பி வர நிரல் எழுத வேண்டும்.

முதல் பதினைந்து நிமிடம் நான் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினேன். அவள் தலையாட்ட ஆட்ட எனக்கு உற்சாகம் ஏறியது. அந்த வேலை என்னுடையது என்றே நினைத்துவிட்டேன். பிறகு என் பஸ் ஒரே சந்தியைச் சுற்றத் தொடங்கியது. ஆங்கிலம் முடிந்தது, விதி முடியவில்லை.

"ஐயோ, வந்த வழியாலையே திரும்பி வந்திட்டன். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் துலைஞ்சன்," என்று தமிழில் கத்தினேன்.

கதவு திறந்தது. மாமி கை நிறையத் திருநீற்றோடு வந்து, "முருகா, என்ரை மருமோனைக் காப்பாத்து" என்று என் நெற்றியில் அப்பினார். பாதி கண்ணுக்குள் போனது. ஆனால் ஒரு மாதப் பயிற்சி வீண்போகுமா? ஆங்கிலம் திரும்பி வந்தது.

"இப்போது என் மாமி வந்திருக்கிறார். எனக்குக் கண் தெரியவில்லை. அவர் கையைத் தட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். தட்டினால் இரவுச் சாப்பாடு இல்லை. ஆகவே அந்த வழியைக் கைவிடுகிறேன்."

அப்போதுதான் மாமி திரையைப் பார்த்தார். "ஆர் தம்பி உந்தப் பிள்ளை?"

"வேலைக்கு என்னைக் கேள்வி கேக்கிறா மாமி."

மாமி உடனே என் மணிக்கட்டைத் தூக்கிக் கமராவுக்குக் காட்டினார். "பிள்ளை, இவர் நல்ல மனுசன். மூளைதான் கொஞ்சம் குழம்பிப் போச்சு. நூல் கட்டியிருக்கிறன், சரியாகீடும். நீ வேலையைக் குடு மோனை."

அவர் என்ன சொல்கிறார் என்று அந்தப் பிள்ளை கேட்டாள். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். (விதி விதிதானே.)

பத்து நாளில் மின்னஞ்சல் வந்தது. தொடர்பாடல் மிகச் சிறப்பாம். கணக்கு முடியவில்லையாம். வேலை இல்லை.

இரண்டு நாள் நான் ஒருவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் சுமதி தேத்தண்ணியோடு வந்து முன்னால் இருந்தாள்.

"என்னப்பா, மனசுக்கை என்ன ஓடுது?"

"ஒண்டுமில்லை."

"ஆரெண்டே தெரியாத பிள்ளைக்கு முக்கால் மணித்தியாலம் சொல்லியிருக்கிறியள். எனக்குப் பதினாறு வருசமா 'ஒண்டுமில்லை' தானே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதையே சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். தேத்தண்ணி ஆறும் வரைக்கும் சொன்னேன்.

இப்போதெல்லாம் நான் கொஞ்சம் மௌனமானால் போதும், எங்கள் சின்ன மகள் ஒரு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு, கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்து விடுவாள்.

"ஓம் அப்பா, தொடங்குங்கோ. முக்கால் மணித்தியாலம் இருக்கு."