படிக்கட்டு விளக்கு எரிகிறது, முந்தைய எச்சரிக்கை ரத்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, அன்பும் வணக்கமும் கொஞ்சம் பயமும் கலந்து எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் மனைவி, தங்கள் மகன், தங்கள் மருமகளாகிய என் மகள், நம் இருவருக்கும் பொதுவான பேத்தி ஆகிய ஐவரும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகம் என்றும், தங்கள் வலது கணுக்கால் மட்டும் இன்னும் கோபம் தணியாமல் வீங்கியிருக்கிறது என்றும் மாப்பிள்ளை சொன்னார். போன வருடம் தாங்கள் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த கால் பிடித்துவிடும் மெஷினை இப்போது அவரே தங்களிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பதும், விழாத இடது காலுக்காவது அது இதமாக இருப்பதும் கேட்டு மகிழ்ந்தேன். போனில் விசாரிக்க நான்கு முறை முயன்றேன். என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஒரு வயது நிறைகிறது. தாங்களோ "அந்த வீட்டுப் படி இனி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டீர்கள். மற்றவர்கள் இதைப் பேச்சுக்குச் சொல்வார்கள். தாங்கள் படிக்கட்டைக் கையால் காட்டியே சொன்னீர்கள். "அப்பா வரலைன்னா கேக்கே வெட்ட வேணாம் மாமா" என்கிறார் மாப்பிள்ளை. என் மகள் என்னைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குத் தாங்கள் திட்டியிருந்தாலே தேவலை. குழந்தையின் முதல் பிறந்தநாளில் அதன் தாத்தாக்களில் ஒருவர் என்னால் இல்லாமல் போனார் என்று போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் தெரியுமே, அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தங்கள் புகார் என்ன? "முப்பத்தோரு வருஷம் நானூறு தொழிற்சாலை ஏறி இறங்கினவன் நான். பாதுகாப்பு ஆய்வாளரா எத்தனை பேருக்கு நோட்டீஸ் குடுத்திருக்கேன்! ஒரு நாள் வழுக்கினது கிடையாது. சம்பந்தி வீட்டுப் படியில விழுறேன், மேல குடும்பமே உக்காந்து கை தட்டுது!" என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். கை தட்டியது உண்மை. ஐந்து பேரும் தட்டினோம், குழந்தை உட்பட. விசில் சத்தம் ஒன்று கேட்டதாகவும் சொன்னீர்களாம், அது நான்தான். ஆனால் அது தாங்கள் விழுந்ததற்காக அல்ல. ஆயிரத்து நூறு மைலுக்கு அப்பால் ஒரு தீவின் தெற்கு முனையில் கலங்கரை விளக்கு எரிந்ததற்காக.

கோபப்படாமல் மேலே படியுங்கள். அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்திவிட்டு நான் ஓய்வு பெற்றது தங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம் மளிகைக் கடைப் பட்டியல், மருந்துச் சீட்டு, எதிர்வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் திருத்த ஆரம்பித்தேன். "நீங்க எதையாவது கேளுங்க, பாருங்க, தூங்குங்க. திருத்த மட்டும் வேணாம்" என்று என் மனைவி ரேடியோ ரிப்பேர் கடைக்கு அனுப்பினாள். பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கத்தான் போனேன். கடைக்காரர் முன்னொரு காலத்தில் கப்பலில் வேலை பார்த்தவர். மூலையில் கிடந்த சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டி, "இதுல பாட்டு வராது சார். கரையில இருக்குற நிலையங்கள் கப்பலுக்கு எச்சரிக்கை அனுப்பும், அதுதான் வரும். புயல் வருது, மிதவை அறுந்து போச்சு, விளக்கு எரியலை, அந்த மாதிரி" என்றார். நான் வாங்கிவிட்டேன். சில்வண்டு மாதிரி கிரிச்கிரிச் என்று ஒரு சத்தம் கேட்கும். அதை லேப்டாப்பில் கொடுத்தால் எழுத்து எழுத்தாகத் திரையில் விழும். கேட்காத எழுத்துக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறி விழும். சம்பந்தி, முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவனுக்கு முன்னால் ஓட்டை விழுந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்து வைத்தால் அவன் வேறு எங்கே போவான்?

ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்தே நிமிடம்தான். பக்கத்து நிலையங்கள் எப்போதும் கேட்கும், அதில் ருசி இல்லை. தூரத்து நிலையம் இருட்டிய பிறகுதான் வரும், அதற்கு நீளமான ஏரியல் வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும் முப்பது மீட்டர் கம்பி கட்டினேன். மறுநாளே முதல் மாடி டீச்சர் அதில் பெட்ஷீட் காயப்போட்டார். "இது கொடி இல்லைங்க, இதுல கடல் செய்தி வருது" என்றேன். "அதுக்கென்ன, துணி காஞ்சதும் வரட்டும்" என்றார். என் நோட்டில் இன்றும் பார்க்கலாம், செவ்வாய்தோறும் "ஈரப் பெட்ஷீட், இரண்டு" என்று எழுதி, கேட்ட அளவும் எழுதியிருப்பேன்.

அந்தத் தீவு நிலையம் எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. மாலை ஏழு பத்துக்கு அங்கே நன்றாக இருட்டியிருக்கும். முதல் தடவை கேட்டபோது பாதி நட்சத்திரங்களுக்கு நடுவே இப்படி விழுந்தது: "தெற்கு முனை விளக்கு எரியவில்லை. கப்பல்கள் கவனமாகச் செல்லவும்." மறுநாளும் அதேதான். ஒரு வாரம் கழித்தும் அதேதான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு விளக்கைச் சரி செய்ய எத்தனை நாள்? சாப்பிடும்போது இதையே பேசினேன். "எந்த ஊர்னே தெரியாத விளக்கு எரியலைன்னு ஏன் உங்களுக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது?" என்று கேட்ட என் மனைவியே பதினைந்தாம் நாள், "என்ன, இன்னிக்காவது எரிஞ்சுதா?" என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் மகள் வந்தாள். மாப்பிள்ளை ஆறு ஐம்பத்தைந்துக்கு வேலையிலிருந்து வந்து, கீழ்த் தளத்தில் அவரும் மகளும் குடியிருக்கும் வீட்டில் அந்தக் கால் மெஷினில் பதினைந்து நிமிடம் காலை வைத்துவிட்டு, அது நின்றதும் நேரே மேலே ஏறி வந்து, "எரிஞ்சுதா மாமா?" என்பார். ஒரு மாதத்தில் குடும்பம் மொத்தமும் ஏழு பத்துக்கு என் மேசையைச் சுற்றி நின்றது. டிவியே போடுவதில்லை. பேத்தி பேசிய முதல் வார்த்தை "தாத்தா" என்று தங்களுக்குச் சொன்னது பொய், மன்னிக்கவும். அது "கிரிச்".

நாற்பத்தோராம் நாள்தான் தாங்கள் வந்த நாள். ஏழு பதினான்குக்கு விழுந்தது, ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல்: "தெற்கு முனை விளக்கு மீண்டும் எரிகிறது. முந்தைய எச்சரிக்கை ரத்து." நான் எழுந்து நின்று "எரிஞ்சிடுச்சு!" என்று கத்தினேன். மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அதே நேரத்தில் வெளியே முதலில் க்வாக் க்வாக் என்று ஒரு சத்தம், பிறகு தடால் என்று ஒரு சத்தம். தாங்கள் பேத்திக்கு வாங்கி வந்த சக்கரம் வைத்த வாத்து, தங்களுக்கு முன்னால் படிப்படியாக இறங்கிய சத்தம் அது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ புது நிலையம் என்று நினைத்து நோட்டில் நேரம் குறித்தேன்.

கை தட்டியது இதனால்தான். இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம், மனைவியும் "இது போதும், மத்ததை எழுதாதீங்க" என்றுதான் சொன்னாள். ஆனால் அச்சுக்குப் போகும் முன் தெரிந்த பிழையை விட்டுவைத்து எனக்குப் பழக்கமில்லை. சம்பந்தி, படிக்கட்டு பல்பைக் கழற்றியது நான்தான்.

விஷயம் என்னவென்றால், தினமும் ஏழு மணிக்குப் பெட்டியில் உர்ர்ர் என்று ஓர் இரைச்சல். வீட்டில் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துப் பார்த்தேன். ஃப்ரிட்ஜை அணைத்தேன், பால் கெட்டது. மெயினை அணைத்தேன், பெட்டியும் லேப்டாப்பும் பேட்டரியில் ஓட, உர்ர்ர் அப்படியே இருந்தது. ஆகவே எதிரி வெளியே என்று தெரிந்தது. கதவைத் திறந்தால் நேரே தலைக்கு மேல் புது எல்.இ.டி பல்பு. இந்த வகை பல்பு இரைச்சல் போடும் என்று ரிப்பேர் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஸ்டூல் போட்டு ஏழு ஐந்துக்குக் கழற்றினேன். இரைச்சல் உடனே நிற்கவில்லை. ஏழு பத்துக்குத்தான் டக்கென்று நின்றது. "பல்பு ஆற ஐந்து நிமிடம் ஆகிறது" என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் ஏழு ஐந்துக்குக் கழற்றி, ஏழு இருபதுக்கு மாட்டுவேன். இருட்டில் ஏறியவர்கள் குடியிருப்புச் செயலாளரிடம் சொல்ல, அவர் மூன்று தடவை புது பல்பு மாற்றினார். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது மணி பதினொன்று, விளக்கு ஜம்மென்று எரிந்தது. "வயரிங்ல பேய் இருக்கு சார்" என்று போய்விட்டார். கூட்டத்தில் இதைப் பேசியபோது அந்தப் பேய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தது.

எங்கேயோ ஒரு தீவில் நான் பார்க்கவே போகாத விளக்குக்காக நாற்பத்தோரு நாள் கவலைப்பட்டேன். என் வாசல் விளக்கை என் கையாலேயே அணைத்துத் தங்களை விழ வைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பெட்டியைத் துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டுவிட்டேன், பன்னிரண்டு நாளாகத் தொடவில்லை. செயலாளரிடமும் நேற்றுப் போய் ஒப்புக்கொண்டேன். பல்பைச் சுற்றிக் கம்பி வலை போட்டுப் பூட்டி, சாவியை அவர் வைத்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று. தூரத்து நிலையத்தைக் கேட்டால், கேட்ட நேரம், செய்தி, குறுக்கீடு எல்லாம் எழுதி அந்த நிலையத்துக்கே அனுப்புவது என்னைப் போல ரேடியோ கேட்பவர்களின் வழக்கம். "ஆமாம், அது நாங்கள்தான்" என்று அவர்கள் பதில் போட்டால் அதுதான் எங்களுக்குப் பரிசு. அந்த நாளின் அறிக்கையில் குறுக்கீடு என்ற கட்டத்தில் உண்மையை எழுதினேன்: "ஏழு பதினான்கு, சம்பந்தி விழுந்தார்." நேற்றுப் பதில் வந்தது. அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி வரியைப் பாருங்கள்: "நாற்பத்தோரு நாளில் எங்கள் விளக்கைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் சம்பந்தியின் கால் விரைவில் குணமாகட்டும்." கடலுக்கு நடுவே முகம் தெரியாத ஓர் அலுவலர் தங்கள் கணுக்காலை விசாரிக்கிறார், சம்பந்தி. அவருக்காகவாவது வாருங்கள்.

ஞாயிறு மாலை படிக்கட்டின் அடியில் நானே நிற்பேன். ஒரு கையில் டார்ச், இன்னொரு கை தங்களுக்கு. வாத்தின் ஒரு இறக்கை உடைந்துவிட்டது, ஆனாலும் பேத்தி அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கப் பழகுகிறாள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள், தங்கள் இரு கால்களுக்கும் தனித்தனியாக.

இப்படிக்கு,
முழுக் குற்றத்தையும் ஏற்றுக்கொண்டு
தங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியதை உறையிலிட்டு ஒட்டி வைத்துவிட்டேன், இப்போது பிரித்து எழுதுகிறேன். "போனாப் போகுது, அந்தத் தீவுக்காரருக்கு ஒரு நன்றி சொல்லாம விடலாமா? ஒரே ஒரு தரம் கேளுங்க" என்று என் மனைவியே பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். ஏழு மணிக்குப் போட்டேன். வெளியே பல்பு, வலைக்குள் பிரகாசமாக எரிகிறது. இரைச்சல் இல்லை. ஏழு ஐந்து, இல்லை. ஏழு பத்து, தீவு மணிமணியாக வந்தது. நான் திகைத்துப் போய் மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பா, ஆறு ஐம்பத்தஞ்சுல இருந்து ஏழு பத்து வரைக்கும் ஓடி, தானா நிக்கிறது எது? இப்ப பன்னிரண்டு நாளா இந்தக் கட்டடத்துலயே இல்லாதது எது?" என்றாள். சம்பந்தி, பல்பு நிரபராதி. உர்ர்ர் என்றது தாங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த கால் மெஷின். ஆகவே மேலே ஏற்றுக்கொண்ட குற்றத்தில் பாதியைத் தங்களுக்கே பணிவுடன் திருப்பி அனுப்புகிறேன். ஞாயிறன்று அவசியம் வாருங்கள். மெஷின் அங்கேயே இருக்கட்டும்.