நீஸ் கடற்கரையில் ஒரு முழுநாள்

"நைஸ் இல்லையப்பா, நீஸ்! எங்கை, வாயைத் திறந்து சொல்லு பாப்பம். நீஸ்!"

சிவபாதசுந்தரம் கைத்தொலைபேசியை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். திலகவதி தோசைக் கரண்டியை வைத்துவிட்டு மறுபடியும் எட்டிப் பார்த்தாள். பாரிசிலிருந்து நிருஷா அனுப்பிய செய்தி அது. நிருஷா அவருடைய தங்கையின் மகள். தமிழ் எழுத்துத் தட்ட அவளுக்குப் பஞ்சி, சோம்பல். ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிவிடுவாள், அதுவும் முற்றுப்புள்ளி இல்லாமல், ஊர்பேருக்குக்கூடப் பெரிய எழுத்துப் போடாமல்.

"மாமா ஓகஸ்ட் பதினைஞ்சு முழுநாளும் நாங்கள் எல்லாரும் நைஸ் பீச்சில பிளான் முழுக்க நீங்கள்தான்" என்று திலகவதி ஒரே மூச்சில் வாசித்தாள். "என், ஐ, சி, ஈ. நைஸ்தானே?"

"அது உனக்கு. வெளிநாட்டுத் தபால் பிரிவில காலம் முழுக்கக் குந்தியிருந்தவனுக்கு அது நீஸ். பிரான்சில, மத்தியதரைக் கடலோரத்தில இருக்கிற பட்டினம். ஓகஸ்டில அந்த பீச்சில கால் வைக்க இடமிராது. அவ்வளவு பேர்போனது."

திலகவதி வாதாடவில்லை. உலகத்து ஊர்ப் பெயர்களில் அவரை மடக்கக் கொழும்பு வெள்ளவத்தையில் ஆள் பிறக்கவில்லை. இளைப்பாறிய பிறகும், மருந்துக்கடையில் யாராவது "ஜெனீவா" என்றால் நின்று, "ஜெனேவ்" என்று திருத்திவிட்டுத்தான் மருந்து வாங்குவார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பம்பலப்பிட்டியில் படித்த காலம் முழுவதும் நிருஷா இந்த ஃபிளட்டில்தான் வளர்ந்தாள். கல்யாணமாகிப் பிரான்ஸ் போனவள் பிறகு ஊர்ப்பக்கம் வரவேயில்லை. ஃபிளட்டில் உள்ள மற்றவர்களையெல்லாம் பிள்ளைகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் கூப்பிட்டுக் காட்டிவிட்டார்கள். "உங்கட மருமகள் இன்னும் உங்களைக் கூப்பிடேல்லையோ?" என்று லிப்ட்டில் யாராவது கேட்டால், சிவபாதசுந்தரம் லிப்ட்டின் மேலே மாறும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வளர்த்த பிள்ளை மறந்துவிட்டாள் என்று ஊர் நினைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. அவருக்கே அப்படி ஒரு பயம் இருந்தது.

இப்போது கூப்பிட்டுவிட்டாள்! அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஃபிளட் முழுவதும் செய்தி பரவியது. பரப்பியவர் அவரேதான்.

கீழ்மாடியில் இருக்கும் ஷரீப் மட்டும் ஒரு சந்தேகம் கிளப்பினார். ஷரீபுக்குக் கொழும்பின் காலி வீதியில் புடைவைக் கடை. மகனிடம் துபாய் போய் வந்த நாளிலிருந்து வெளிநாட்டு விஷயங்களில் அவர் சொல்வதுதான் முடிவு.

"நீஸா? யூடியூப்ல பாத்தீக்கிறேன் ஐயா. அங்க மண்ணே இல்ல. பீச் முழுக்கக் கல்லு."

"அது எனக்குத் தெரியாதோ?" என்றார் சிவபாதசுந்தரம், தெரியாமல். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிருஷாவுக்குக் குரல்செய்தி அனுப்பினார். "பிள்ளை, பீச்சில கல்லாமே?"

"ஓம் மாமா, கல்லுத்தானே! செருப்போட பாத்து நடக்கலாம்" என்று பதில் வந்தது.

"செருப்போ?" என்று அவர் மனைவியிடம் பொங்கினார். "வெள்ளைக்காரர் எல்லாம் வெறுங்காலோட நடக்க, நான் செருப்பைக் கொழுவிக்கொண்டு போய் நிண்டா வெள்ளவத்தைக்கு என்ன மரியாதை? காலைப் பழக்கிப்போட்டுத்தான் போவன்."

காலைப் பழக்கக் கல் வேண்டும். ஃபிளட்டுக்குப் பின்னால் றெயில் றோட்டு, அதற்கு அப்பால் கடல். அந்தக் கடலை அவர் ஒரு கடலாக மதித்ததேயில்லை. ஆனால் றெயில் றோட்டில் கொட்டிக் கிடந்த கருங்கல் அவருக்குப் பிடித்துக்கொண்டது. விடிந்ததும் வெறுங்காலோடு அதில் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

மூன்றாம் நாள் றெயில்வே காவலாளி கையை வீசிக்கொண்டு ஓடிவந்தான். "அயின் வென்ன மஹத்தயா! கோச்சிய எனவா!"

விலகுங்கள், றெயில் வருகிறது என்ற அவன் சிங்களம் காதில் விழுவதற்குள் கோச்சி வந்தேவிட்டது. சிவபாதசுந்தரம் கடல் பக்கமாகத் தாவினார். தாவிய இடத்திலும் கல்தான்.

வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தவரைக் காணப் பின்னேரமே கோயில் சபைச் செயலாளர் இராசநாயகம் வந்துவிட்டார். கண்ணெல்லாம் பக்தி.

"ஐயா, வெறுங்காலோட கல்லுக்கு மேல நடக்கிறியளாம். ஆடிவேல் திருவிழாவுக்கு நேர்த்திக்கடனோ?"

பிரெஞ்சுக் கடற்கரைக்குக் கால் பழக்குகிறேன் என்று எப்படிச் சொல்வது? அவர் வாயைத் திறப்பதற்குள் திலகவதி முந்திக்கொண்டாள். "ஓம், ஓம். நேர்த்திதான்."

"ஆருக்கும் சொல்லாமச் செய்யிறியள் பாத்தியளோ! அப்ப இந்த முறை பால்காவடி உங்கட தோளிலதான்."

காலோடு போயிருக்க வேண்டிய நோவு அப்படித் தோளுக்கும் ஏறியது. ஆடிவேல் அன்று காவடியோடு காலி வீதியில் நொண்டியபடி ஆடினார் சிவபாதசுந்தரம். நொண்டலைப் புதுவகை ஆட்டம் என்று நினைத்துச் சனம் அரோகரா போட்டது. மருமகள் பிரான்சுக்குக் கூப்பிட்டதே முருகன் செயல் என்று ஊரெல்லாம் கதை. இனி அவர் போகாவிட்டால் முருகனுக்கும் மானக்கேடு.

அவர் அசரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடற்கரை நாளைத் திட்டமிட்டார். விடியவே போக வேண்டும். சனம் வருமுன் நல்ல இடமாகப் பார்த்து லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, விரித்து வைத்துவிட வேண்டும்.

"பஸ்ஸில லேஞ்சி போட்டா இடம் பிடிபடும். வெள்ளைக்காரன் அதை மதிப்பானோ?" என்று கேட்டாள் திலகவதி.

"நாலு மூலைக்கும் நாலு லேஞ்சி போட்டா ஆரும் மதிப்பான்."

திட்டத்தைக் கேட்ட நிருஷா மறுமுனையில் விழுந்து விழுந்து சிரித்தாள். "லேஞ்சியோ! நீங்கள் மாறவேயில்லை மாமா. சனம் கூடத்தான் இருக்கும், போடுங்கோ. சாப்பாடு மட்டும் மாமி செய்யிறதுதான் வேணும், சொல்லிப்போட்டன்."

மாமி செய்வதென்றால் கடல் தாண்டிப் போகிற சாப்பாடு. திலகவதி முறுக்குச் சுட்டாள், எள்ளுருண்டை பிடித்தாள், புட்டு மா வறுத்தாள். ஒரு பெட்டி போதாமல் இரண்டாம் பெட்டி வந்தது. அதைத் தூக்கத் தோள் சரியில்லை என்று, உருட்டிப் போகச் சில்லு வைத்த மூன்றாம் பெட்டியும் வந்தது. ஷரீப் தன் கடையிலிருந்து பூப்போட்ட அரைக்காற்சட்டை ஒன்றும் அகலக்கரைத் தொப்பி ஒன்றும் அன்பளிப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லாம் வந்தது. விமான ரிக்கற் மட்டும் வரவில்லை.

"விசாவுக்கு விரல் அடையாளம் வைக்க நேர போகோணும் எண்டெல்லோ சொல்லுறவை?" என்றாள் திலகவதி.

அவர் நிருஷாவுடன் கதைத்தார். விசா என்ற சொல்லை மெதுவாக, தும்முவதுபோல இடையில் செருகினார்.

"அதெல்லாம் ஒன்லைனில கிடைச்சிட்டுது மாமா. ரிக்கற்றும் போட்டாச்சு. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

"கேட்டியோ?" என்று மனைவியைப் பார்த்தார். "எனக்குக் கரைச்சல் வைக்காம எல்லாத்தையும் பிள்ளையே முடிச்சிட்டுது."

"ரிக்கற்றை அனுப்பச் சொல்லுங்கோவன்."

"சோறு போட்டு வளர்த்த பிள்ளையிட்டை, எங்கை ரிக்கற் எண்டு கை நீட்டுறதோ? செத்தாலும் கேக்க மாட்டன்!"

அதற்குப் பதிலாக, கேட்காமல் கேட்க ஒரு வழி கண்டுபிடித்தார். "பிள்ளை, நாங்கள் எயார்போட்டில எப்ப வந்து நிக்கோணும்?"

"நீங்களும் மாமியும் வருவியள் எண்டு எனக்குத் தெரியும்!" நிருஷா மறுமுனையில் கூவினாள். "பன்னிரண்டாம் திகதி, பகல் பதினொரு மணிக்கு நிண்டாச் சரி மாமா."

பன்னிரண்டாம் திகதி ஃபிளட்டே வாசலுக்கு இறங்கி வந்தது. இராசநாயகம் மாலை போட்டு விபூதி பூசினார். ஷரீபும் மனைவி றபீக்காவும் தங்கள் வான் வண்டியிலேயே கட்டுநாயக்காவுக்கு ஏற்றிப் போனார்கள். அகலக்கரைத் தொப்பியும் மாலையுமாக முன்சீற்றில் இருந்த சிவபாதசுந்தரம், களனிப் பாலம் கடக்கும்போது போகிற வாகனங்களுக்கெல்லாம் தலையாட்டினார்.

விமான நிலைய வாசலில் காவலர் கையை நீட்டினார். "ரிக்கற்?"

"வரும்" என்றார் சிவபாதசுந்தரம்.

காவலர் தொப்பியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், மூன்று பெட்டிகளையும் பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கச் சொன்னார். மணி பதினொன்று கடந்தது. றபீக்கா திலகவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா," ஷரீப் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார், "ரிக்கற் ஈக்கிதுதானே?"

சிவபாதசுந்தரம் லிப்ட்டில் பார்ப்பதுபோல மேலே பார்த்தார். இங்கே மாறும் இலக்கங்கள்கூட இல்லை. அப்படியே ஷரீபின் வண்டியில் ஏறித் திரும்பினால் இந்த மாலையோடு எந்த முகத்தைக் கொண்டு ஃபிளட்டுக்குள் போவது?

"மாமா!"

திரும்பினார். நிருஷா! சனத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் அவள் புருஷன் பெட்டி வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனுக்கு முன்னால் ஐந்தாறு வயதில் ஒரு பெண்பிள்ளை துள்ளிக்கொண்டு வந்தது. நிருஷா அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். திலகவதியும் அழுதாள். ஏனென்று தெரியாமலே றபீக்காவும் அழுதாள்.

சிவபாதசுந்தரம் அழவில்லை. மாலையைச் சரிசெய்து, தொப்பியை நிமிர்த்தி, வாசலில் நின்ற காவலருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பாத்தியளோ ஷரீப்? ரிக்கற்றை அனுப்பினாத் துலைஞ்சு போகும் எண்டு, கூட்டிக்கொண்டு போகப் பாரிசில இருந்து ஆளே வந்திட்டாள். இதுதான் என்ரை பிள்ளை!"

பெண்பிள்ளை அவருடைய கையைப் பிடித்து இழுத்தது.

"தாத்தா, உங்கட வீட்டுக்குப் பின்னால றெயில் றோட்டைத் தாண்டினா ஒரு நைஸ் பீச் இருக்கு, உலகத்திலயே அதுதான் நைஸ் எண்டு அம்மா ஒவ்வொரு நாளும் சொல்லுவா, அதைப் பாக்கத்தானே நாங்கள் வந்தனாங்கள், நீங்கள் ஏன் பெட்டியோட நிக்கிறியள்?"