மெத்தைக்காரரும் பின்சீட்டும்

இனி இந்த ஜென்மத்தில் மாடிப்படி ஏறுவதில்லை என்று மெத்தைக்காரர் சபதம் எடுத்தார். எடுத்த இடம்தான் சரியில்லை. லிஃப்ட் பழுதாகி, மேலே போகவும் முடியாமல் கீழே போகவும் மனசில்லாமல், இரண்டு மாடிகளுக்கு நடுவே படியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரே ஒரு தீப்பெட்டி. அதுவே கனத்தது.

மேலே கதவு திறந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அங்கேயே உட்கார்ந்துட்டீங்க?"

"காத்து வாங்குறேன்."

"ஜன்னலே இல்லாத இடத்துல ஏதுங்க காத்து?"

"வெளியே போன மூச்சு இன்னும் திரும்பி வரலை. அதுக்காகக் காத்திருக்கேன்."

மனைவி இறங்கி வந்தாள். தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். தண்ணீர்ச் சொம்போடு திரும்பி இறங்கினாள். அதற்குள் அவர் ஒரு படி முன்னேறியிருந்தார்.

அவர் பேரில் குற்றம் சொல்ல முடியாது. மெத்தைக் கடை வைத்திருப்பவர். கடைக்கு வருகிறவர்கள் நாலு பேர் பார்க்கப் படுத்துப் பார்க்கக் கூச்சப்படுவார்கள். அதனால் முதலில் இவர் படுத்துக் காட்டுவார். மல்லாந்து ஒரு தரம், ஒருக்களித்து ஒரு தரம். சந்தேகம் தீராதவர்களுக்குக் கண்ணை மூடியும் காட்டுவார். இப்படிக் காலை முதல் மாலை வரை உழைத்து உழைத்து உடம்பு பெருத்துவிட்டது. உழைப்பால் பெருத்த உடம்பு என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மனைவிக்கு வேறு மாதிரி வேலை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். எதிரே லாரி வந்தாலும் குரல் உயராது. "மெதுவா, மெதுவா" என்றுதான் சொல்வாள். அந்தக் குரலில் அவள் எதையாவது சொல்லிவிட்டால் அது நடந்தே தீரும். அன்றைக்கு அந்தக் குரலில்தான் சொன்னாள்.

"நாளைக்கு ஒரு சைக்கிள் வாங்கறோம்."

சைக்கிள் வந்தது. மெத்தைக்காரர் ஏறி உட்கார்ந்தார். தெருமுனை வரை போனார். திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கால் இரண்டையும் அகட்டி அகட்டி வைத்து நடந்து வந்தார்.

"உடம்புல ஒண்ணும் குறையில்லை. குறை சீட்டுலதான். இது என்ன, அருவாமணையில உட்காருற மாதிரி இருக்கு. விடு, இது என் டிபார்ட்மெண்ட்."

கடையிலிருந்து முதல்தரமான ஸ்பாஞ்சு கொண்டுவந்தார். அடுக்கினார். மேலே வெல்வெட் உறை தைத்தார். ராஜாவுக்குச் சிம்மாசனம் மாதிரி ஒரு சீட்டு. அதில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அமிழ்ந்தார். அவ்வளவு அமிழ்ந்தும் பெடலுக்குக் கால் எட்டவில்லை. சாய்ந்து எட்டினால், எட்டிய பக்கம் ஸ்பாஞ்சு தொடையை உரசித் தோலை உரித்தது. முன்பு வலித்த இடத்தோடு வலிக்காத இடமும் சேர்ந்து வலித்தது.

சைக்கிள் கடைக்காரர் அந்தச் சிம்மாசனத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"மெத்துனு இருந்தா சுகம்னு யாரு சார் சொன்னா?"

"ஊருக்கே நான்தான்யா சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அது படுக்கறதுக்கு. உட்கார்ந்து மிதிக்கறதுக்குக் கெட்டி சீட்டுதான். உட்காருற எலும்பு ரெண்டும் நல்லாப் பதியணும். கால் முழுசா நீளுற அளவுக்கு சீட்டை ஏத்தி வைக்கறேன். மொதல்ல கொஞ்ச நாள் வலிக்கும். அப்புறம் இருக்கற இடமே தெரியாது."

மெத்தைக்காரரின் தொழில் மானத்துக்கு விழுந்த அடி அது. வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை. கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்காகக் காலையில் கிளம்பினார். மனைவி கண்ணுக்கு மறையும் வரை மிதித்தார். பிறகு சலூன் சந்தில் நுழைந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். வீடு திரும்பும் முன் சலூன்காரரிடம் தண்ணீர் பீச்சும் பாட்டிலை வாங்கி நெற்றியிலும் கழுத்திலும் அடித்துக்கொண்டார். வியர்வை தத்ரூபமாக இருந்தது. மனைவியும் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து நீட்டினாள்.

ஒருநாள் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தார். சந்துக்குள் ஒரு கார் பின்பக்கமாக ஊர்ந்து வந்தது. புதிதாக ஓட்டப் பழகுகிற யாரோ. கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது.

"மெதுவா, மெதுவா. இடது பக்கம் சைக்கிள் நிக்குது, பார்த்து. அதுக்குப் பக்கத்துல பேப்பர் படிக்கிறாரே, அவரையும் பார்த்து வாங்க. அவருக்கு அடிபட்டா என்னைத்தான் கேப்பாங்க."

கையும் களவுமாகப் பிடிபட்ட மெத்தைக்காரர் ராசிபலனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அன்றைக்கு அவர் ராசிக்கு இல்லத்தில் இன்பம் என்று போட்டிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சைக்கிளைக் காணோம். அதன் இடத்தில் நீளமாக வேறொன்று நின்றது. இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல். இரட்டைச் சைக்கிள்.

"மாத்திட்டேன். இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே போறோம். முன்னாடி நான், ஹேண்டிலும் பிரேக்கும் என்கிட்ட. பின்னாடி நீங்க."

"எத்தனை மணிக்கு?"

"விடியறப்ப."

விடியற்காலைத் தூக்கம்தான் மெத்தைக்காரருக்கு உயிர். சாப்பாட்டைக்கூட விட்டுக்கொடுப்பார், அதைக் கொடுக்க மாட்டார். கெஞ்சினார். கோபித்துக்கொண்டார். முதுகுவலி என்றார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னாள்.

"தண்ணித்தொட்டி மேடு இருக்கில்ல? ஒரே ஒரு தடவை, இறங்காம, தள்ளாம, ரெண்டு பேரும் மேல வரைக்கும் ஏறிட்டோம்னா, அப்புறம் காலையில உங்களை எழுப்பவே மாட்டேன். ஆயுசுக்கும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு பின்சீட்டில் ஏறியவருக்குத் தெருமுனை தாண்டுவதற்குள் ஞானம் பிறந்தது. இரண்டு ஜோடி பெடலும் ஒன்றோடொன்று இணைந்தவை. முன்னால் மனைவி மிதித்தால், பின்னால் இவர் கால் தானாகச் சுற்றுகிறது. மிதிக்க வேண்டியதே இல்லை. சும்மா காலை வைத்திருந்தால் போதும். அவளோ திரும்பிப் பார்க்க முடியாது. கண்கொத்திப் பாம்பாக இருந்தவள், தன் கண் எட்டாத ஒரே இடத்தில் அவரை உட்கார வைத்திருக்கிறாள். மெத்தைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து ஆனந்தமாக ஓபி அடித்தார். போகிற வழியில் தெரிந்தவர்களுக்குக் கையசைத்தார். மெல்லிய குரலில் பாடினார். நடுநடுவே மறக்காமல் "அப்பப்பா" என்று பெருமூச்சு விட்டார்.

மேடு மட்டும்தான் இடித்தது. முதல் வளைவிலேயே சைக்கிள் நின்றுவிடும். மனைவி ஒருத்தியால் அவரையும் சேர்த்து எவ்வளவு தூரம் இழுக்க முடியும்? அவர் பொறுமையாக இருந்தார். மிதித்து மிதித்து அவளுக்குப் பலம் வந்துவிடும், ஒருநாள் மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள், அப்புறம் ஆயுசுக்கும் தூக்கம். கணக்கு கச்சிதமாக இருந்தது.

நடுவில் ஒருநாள் சைக்கிள் எண்ணெய் போடக் கடைக்குப் போய் வந்தது. அதற்குப் பிறகு ஏனோ சரியில்லை. முன்பெல்லாம் தானாகச் சுற்றிய பெடல், இப்போது இவர் சும்மா இருந்தால் சும்மா இருந்தது. சைக்கிளும் வேகம் குறைந்து தள்ளாடியது. எட்டிப் பார்த்தார். மனைவியின் முழங்கால்கள் மாய்ந்து மாய்ந்து ஏறி இறங்கின. புஸ் புஸ் என்று மூச்சு வேறு. பாவம், களைத்துவிட்டாள் என்று நினைத்தார். சைக்கிள் நின்றால் ஏன் நின்றது என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் குட்டு வெளிப்படும். எனவே ஒரு பேச்சுக்கு, சும்மா கொஞ்சம் மிதித்து வைத்தார்.

"ஏங்க, மிதிக்கிறீங்களா?"

"மிதிக்கிறேனே."

"பாரம் மொத்தமும் எனக்கே வர்ற மாதிரி இருக்கு."

"பிரமை."

அவள் முதுகைப் பார்த்து மெத்தைக்காரர் சத்தமில்லாமல் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா, உன் கால் ஏறுறப்ப என் கால் இறங்குதே? முன்னெல்லாம் சேர்ந்துதானே சுத்தும்?"

"எண்ணெய் போட்டா அப்படித்தான். ரோட்டைப் பாருங்க."

"எனக்கு எங்க ரோடு தெரியுது? உன் முதுகுதான் தெரியுது."

"அப்ப முதுகைப் பாருங்க."

நாளுக்கு நாள் மனைவிக்கு முடியாமல் போயிற்று. நாளுக்கு நாள் அவர் ஒரு பேச்சுக்கு மிதிப்பதும் கூடிக்கொண்டே போயிற்று. இதற்கு நடுவே என்னென்னவோ நடந்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, சலவைக்காரரைச் சந்தேகப்பட்டார். மாடிப்படியைச் சிரமமில்லாமல் ஏறினார், யாரோ படிகளைத் தாழ்த்திக் கட்டிவிட்டார்கள் என்று எண்ணினார். கடையில் மெத்தை மேல் படுத்துக் காட்டிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். கெட்டி சீட்டு வலிக்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கடைக்கு வந்தவர்களிடம் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் கெட்டியாவே எடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். இத்தனை நன்மைக்கும் காரணம் பின்சீட்டில் கிடைத்த ஓய்வுதான் என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம்.

அப்புறம் அந்த நாள் வந்தது. நல்ல குளிர்ந்த காலை. மேட்டின் முதல் வளைவு வந்தது, போய்விட்டது. இரண்டாவது வளைவில் மனைவி திணறினாள்.

"என்னால முடியலைங்க. இறங்கிடலாமா?"

மெத்தைக்காரர் கண்முன்னே அவருடைய விடியற்காலைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. போர்வையோடு.

"இறங்காதே. மிதி."

"கால் வலிக்குது."

"வலிக்கட்டும். பல்லைக் கடிச்சுக்கோ. இதோ வந்தாச்சு."

அவளைப் பல்லைக் கடிக்கச் சொல்லிவிட்டு இவர் கடித்தார். ஓபி அடிக்கிறவர் என்பதே மறந்துபோயிற்று. தலையைக் குனிந்து, எதிரே இருந்த பிடிகம்பியை இறுக்கிப் பிடித்து, இடது கால், வலது கால் என்று மாறி மாறி அழுத்தினார். காதில் நெஞ்சு அடித்தது. மூக்கு நுனியிலிருந்து நிஜமான வியர்வை சொட்டியது. கடைசியில் சைக்கிள் தண்ணீர்த்தொட்டிச் சுவரை ஒட்டி நின்றது.

கீழே ஊர் மொத்தமும் சின்னச் சின்னக் கூரைகளாகத் தெரிந்தது. மெத்தைக்காரர் இறங்கி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டார். இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து ரொம்ப காலமாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"சத்தியம் சத்தியம்தானே?"

"சத்தியம்தான். இனி எழுப்ப மாட்டேன்."

"அப்ப ஒரு உண்மை சொல்லவா? வருத்தப்படக் கூடாது. மொத நாள்லேருந்து நான் மிதிக்கவே இல்லை. இழுத்ததெல்லாம் நீதான். இப்ப கடைசியில ஏதோ கை கொடுத்தேன், அவ்வளவுதான்."

மனைவி அவரையே பார்த்தாள். பிறகு புல் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். சிரித்து முடித்து எழுந்து, சைக்கிளின் இடது பக்கத்துத் தகரமூடியைக் கழற்றினாள். முன் பெடலையும் பின் பெடலையும் இணைக்கிற செயின் இருக்க வேண்டிய இடம் அது. அங்கே ஒன்றும் இல்லை.

"செயின் எங்க?"

"சைக்கிள்காரர் கடையில ஆணியில தொங்குது. எண்ணெய் போடப் போனப்பவே கழட்டச் சொல்லிட்டேன்."

"அப்ப நீ மிதிச்சது?"

"சும்மா காத்துல சுத்தினேன். டிரைவிங் ஸ்கூல்ல தினம் இதானேங்க என் பொழப்பு. என் பக்கமும் பிரேக் பெடல் இருக்கு, நான் மிதிச்சுக்குவேன்னு நம்பித்தான் அவங்க தைரியமா ஓட்டுவாங்க. என் கால் கீழே சும்மாத்தான் இருக்கும்."

"அப்ப இந்த மேட்டுல ஏத்தினது?"

"நீங்கதான்."

"உன்னையும் சேர்த்தா?"

"என்னையும் சேர்த்துத்தான்."

மெத்தைக்காரருக்குக் கோபம் வரத்தான் வந்தது. ஆனால் அது வந்து சேர்வதற்குள் பெருமை முந்திக்கொண்டது. ஒரு தரம் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு செங்குத்து. "நான் ஒருத்தனாவா?" என்று இன்னொரு முறை கேட்டார். பதில் தெரியாமல் இல்லை, அவள் வாயால் கேட்க ஆசை. அவளும் சலிக்காமல் சொன்னாள்.

மனைவி சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் அவரை எழுப்பவில்லை.

விடியும் முன்பே மெத்தைக்காரருக்கு விழிப்பு வந்துவிட்டது. புரண்டார். மல்லாந்து ஒரு தரம், ஒருக்களித்து ஒரு தரம். மெத்தை விற்று எத்தனையோ பேரைத் தூங்க வைத்தவருக்குத் தூக்கம் வரவில்லை. கால் இரண்டும் குறுகுறு என்றன. எழுந்து போய்ச் சைக்கிளைப் பார்த்தார். முன்னால் உட்கார்ந்தால் செயின் இல்லை. பின்னால் உட்கார்ந்தால் ஹேண்டில் இல்லை. திரும்பி வந்து கட்டிலருகே நின்றார்.

"ஏம்மா, விடிஞ்சிடுச்சு. எழுந்திரு, போலாம்."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எழுப்ப மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீ எழுப்ப வேண்டாம். நான்தான் உன்னை எழுப்புறேன்."

"எழுப்பறவங்கதான் டீ போடணும். இத்தனை நாள் நான் போட்டேனில்ல."

மெத்தைக்காரர் அடுப்பைப் பற்ற வைத்தார். டீ போட்டார். ஆறாமல் கொண்டுவந்து நீட்டினார். மனைவி தலையணையில் சாய்ந்தபடியே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு இன்னும் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து போடுங்க, வெயில் வந்துடுது."